என் மனைவிக்காக நான் சொன்ன பதில்கள்

மக்கள் ஏன் கேள்விப் படிவங்களுக்குப் பொய்யான பதில் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காகவே எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் சம்பளம் கொடுத்தார்கள். கல்கத்தாவில் ஓர் ஆய்வு அலுவலகம். களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் நிரப்பி வரும் படிவங்கள் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வரும். நம்ப முடியாத பதில்களைச் சிவப்பு மையால் சுழித்து, மறுபடி போய்க் கேட்கவும் என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். ஒரு தடவை, மாதம் முழுக்க மீனே வாங்கவில்லை என்று சொன்ன ஒரு வங்காளிக் குடும்பத்தின் படிவம் வந்தது. களப்பணியாளரைக் கூப்பிட்டு, கேட்டபோது அறையில் யார் யார் இருந்தார்கள் என்றேன். அந்த வீட்டு விதவை மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். விதவை மீன் தொடக்கூடாது என்பது அந்தக் காலத்து ஆசாரம். மருமகள் பிரியப்பட்டு அவருக்கும் ஒரு துண்டு வைத்துவந்திருக்கிறாள். மீன் என்றால் யார் யார் சாப்பிட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. அதை எப்படி ஓர் அரசாங்கத் தாளில் எழுதச் சொல்வது? மீனே இல்லை என்றுவிட்டாள். பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் மனைவியைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பொய் சொன்னேன். அதனால் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஓர் இடம் போயிற்று. அந்த இடம் திரும்ப வரப்போவதில்லை. நடந்ததையாவது சரியாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

என் மனைவி கணக்கு டீச்சராக இருந்தவள். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த ஒரு வருடத்தில் அவள் வங்காளியை என்னைவிட நன்றாகப் பேசினாள். லேக் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது நான் வாயைத் திறந்தால், "நீங்க சும்மா இருங்க, உங்க பாஷையைக் கேட்டா அவன் வெலையை ஏத்திருவான்" என்பாள். மறதி வந்தபோது முதலில் அவளை விட்டுப் போனது அந்த வங்காளிதான். நாற்பது வருடம் பேசிய பாஷை ஒரு மழைக்காலத்துக்குள் போய்விட்டது. திருநெல்வேலித் தமிழ் மட்டும் நின்றது.

கீழ்வீட்டு அம்மாவை நாங்கள் பௌதி என்போம், நம் ஊரில் அண்ணி என்கிற மாதிரி. அவள் என்னை மேஷோமஷாய் என்பாள், மனைவியை மாஷிமா என்பாள், சித்தப்பா சித்தி மாதிரி. அவளுக்கு முதலில் வருத்தம். "மேஷோமஷாய், மாஷிமாவுக்கு என் மேல என்ன கோவம்? மாடிப்படியில பார்த்தா சிரிக்கிறாங்க, ஒரு வார்த்தை பேசலையே" என்றாள். கோபமில்லை, காது கொஞ்சம் மந்தம் என்று சொன்னேன். என் பொய் அங்கேயே தொடங்கியிருக்கிறது. அதை அப்போது நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒருநாள் பௌதிதான் அந்தச் செய்தியையும் கொண்டுவந்தாள். முதியவர்களின் ஞாபகசக்தியைப் பற்றி ஏதோ ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடு வீடாகக் கேட்டுவருகிறார்கள். அது முடிந்ததும் நம் பேட்டையிலேயே பகல்நேர மையம் ஒன்று திறப்பார்களாம். காலையில் வேன் வந்து கூட்டிப்போய், சாயங்காலம் கொண்டுவந்து விடுமாம். பயிற்சி, பாட்டு, டாக்டர் எல்லாம் அங்கேயே. ஆனால் எல்லாருக்கும் இடமில்லை, சிலரைத்தான் எடுப்பார்கள்.

அந்த வேனை நான் எத்தனை நாள் மனதில் ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. எனக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. அவளைக் குளிப்பாட்டி, உடுத்தி, தட்டு வைத்து, நாளெல்லாம் அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன். ஆயா வைத்துப் பார்த்தோம். தமிழ் தெரியாத ஒருத்தி தன் புடவையைத் தொட்டால் இவள் அலறினாள். மூன்றாவது ஆயாவும் நின்றுவிட்ட பிறகு யாரையும் கூப்பிடவில்லை. மையத்தில் இடம் கிடைத்தால் பகலில் சில மணி நேரம் எனக்கு மூச்சு வரும், அவளுக்கும் என்னைவிட நல்ல கைகள் கிடைக்கும் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் என் புத்தி கெட்டது. சிலரைத்தான் எடுப்பார்கள் என்றதும் எனக்கு அது ஒரு பரீட்சையாகிவிட்டது. எங்கள் தலைமுறையில் என்னைப் போன்ற குடும்பங்கள் ஊரை விட்டு வந்ததே பரீட்சையின் முதுகில் ஏறித்தான். டைப்ரைட்டிங் பரீட்சை, சர்வீஸ் பரீட்சை, இலாகா பரீட்சை. மார்க் அதிகம் வாங்கியவனுக்கு இடம். இதைத் தவிர வேறு விதமாக இடம் கொடுக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால், மறதிக்காரர்களுக்கான மையத்தில் மறதி இல்லாதவளை எதற்கு எடுப்பார்கள் என்று தெரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. சொன்னபடி கேட்கிற, பேசுகிற, சுத்தமான ஆட்களைத்தான் எடுப்பார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஆய்வுக்காரப் பெண் முன்கூட்டி போன் செய்து நாள் கேட்டுக்கொண்டாள். சொல்லாமல் போகவேண்டும், சொல்லிவிட்டுப் போனால் வீட்டையும் பதிலையும் சேர்த்துப் பெருக்கி வைத்துவிடுவார்கள் என்று நான் பயிற்சியில் சொல்வதுண்டு. நானும் பெருக்கித்தான் வைத்தேன். மனைவிக்குத் தலைவாரி, கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டி, கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். அவள் பார்ப்பதற்கு நாளைக்கே பள்ளிக்கூடம் போகப்போகிறவள் மாதிரி இருந்தாள்.

வந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, கையில் டேப்லெட், முகமெல்லாம் வேர்வை. தண்ணீர் குடித்துவிட்டு, தனக்கு அன்றைக்கு நாலு வீடு என்று சொல்லிக்கொண்டே கேட்க ஆரம்பித்தாள். கேள்விகள் வங்காளியில். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் இங்கிலீஷில் கேட்டாள். அதற்கும் இவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாஷிமா எந்த பாஷையில பேசுவாங்க?"

"தமிழ்."

"எனக்குத் தமிழ் தெரியாதே. நீங்க மொழிபெயர்த்துச் சொல்றீங்களா, மேஷோமஷாய்?"

வீட்டு ஆளையே மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விதி. சரி என்றேன்.

இன்றைக்கு என்ன கிழமை என்று முதல் கேள்வி. நான் தமிழில் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமைலா. வெளக்குக்கு எண்ணெய் வாங்கினேளா? இந்தப் புள்ள யாரு, பால் கொண்டாந்திருக்கா?"

அன்று செவ்வாய். "மொங்கொல்பார்" என்று வங்காளியில் சொன்னேன். செவ்வாய் என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

எந்த ஊரில் இருக்கிறோம் என்பது அடுத்தது.

"நல்லாக் கேக்கா. வண்ணார்பேட்டைன்னு சொல்லுங்க. ஆறு ரெண்டு தெரு தள்ளித்தான."

வண்ணார்பேட்டை இருப்பது திருநெல்வேலியில். "கல்கத்தா" என்றேன்.

மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுச் சற்றுநேரம் கழித்துத் திரும்பக் கேட்கவேண்டும். இலை, சாவி, படகு. திரும்பக் கேட்டபோது இவள் சாவி என்றாள். பிறகு, "சாவியை எங்க வச்சேன், பூட்டிட்டுல்லா வந்தேன்" என்று தேட ஆரம்பித்தாள். நான் இரண்டு சொற்களை அவள் சொன்னதாகச் சொன்னேன். மூன்றாவதை வேண்டுமென்றே விட்டேன். எல்லாம் சரியாக இருந்தால் சரிபார்க்கிறவன் சந்தேகப்படுவான் என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் நான் முப்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஆய்வில் நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான். மற்றதெல்லாம் பாசம் என்றோ பயம் என்றோ சொல்லித் தப்பிக்கலாம். இது தொழில் தெரிந்தவனின் திருட்டு.

நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வரவேண்டும் என்றதும் இவள் முகம் மலர்ந்தது. "தொண்ணூத்தி மூணு" என்றாள். உண்மையாகவே அவள் சொன்னது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மிச்சத்தை நான் கழித்தேன்.

பிறகு என்னிடம் கேட்கிற பகுதி வந்தது. பக்கம் பக்கமாகப் போயிற்று. குளிக்க அவருக்கு உதவி வேண்டியிருக்கிறதா? ஆடை மாற்றத் தடுமாறுகிறாரா? கழிப்பறைக்குப் போகும் முன் ஆடையை நனைத்துக்கொள்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் எப்போதும் இல்லை, சில சமயம், பல சமயம், எப்போதும் என்று நாலு பதில். இவள் என் முழங்கை படும் தூரத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வங்காளி போய்விட்டது என்று நான்தான் நினைக்கிறேன், அடியில் எங்கேயாவது கொஞ்சம் கிடந்தால்? அவள் புடவையை நனைத்துக்கொள்வதை அவளை வைத்துக்கொண்டே ஒரு சின்னப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? "கொக்கோனோ நா" என்றேன். எப்போதும் இல்லை.

முதல் பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்காவது நான் யோசித்துப் பொய் சொன்னேன். பிறகு அதற்கும் அலுத்துவிட்டது. கேள்வி முடியும் முன்பே கொக்கோனோ நா, கொக்கோனோ நா என்று சொல்லிக்கொண்டு போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அந்தப் பெண்ணின் விரல் அதே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது. பழைய காகிதப் படிவமாக இருந்தால் ஒரே கட்ட வரிசையில் மேலிருந்து கீழ்வரை டிக் விழுந்திருக்கும். அப்படி ஒரு படிவம் வந்தால் நான் அதைப் படிக்கக்கூட மாட்டேன், அப்படியே திருப்பி அனுப்புவேன். எனக்கு அந்தப் பெண் போனால் போதும் என்று இருந்தது. அவளுக்கும் மிச்சமிருந்த வீடுகளுக்குப் போகவேண்டும்.

கடைசியில் பராமரிக்கிறவருக்கான கேள்விகள். அவர் மேல் கோபம் வருமா? எப்போதாவது கை ஓங்கியிருக்கிறீர்களா? அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள். கொக்கோனோ நா.

அதற்கு முந்தின வாரம், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள் என்று இவள் புறங்கையில் அடித்திருந்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அவள் அழவில்லை. கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு, "எங்க அப்பாட்ட சொல்லுவேன்" என்றாள். மார்க்கெட் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவதும் உண்டு. இதெல்லாம் அந்த டேப்லெட்டுக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து போன் வந்தது. உங்கள் மனைவிக்கு இருப்பது வயதுக்குரிய மறதிதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மையத்தில் இடம் என்று கேட்டேன். அது ஞாபகசக்தி குறைய ஆரம்பித்தவர்களுக்கு, உங்களுக்குத் தேவைப்படாது என்று வாழ்த்துச் சொல்வது போலச் சொன்னார்கள்.

மறு மாதத்திலிருந்து வேன் வந்தது. எதிர்க் கட்டடத்தில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அதன் பிறகு ஒரு நாள் காலையில் மருந்துக் கடைக்குப் பூட்டிக்கொண்டு போயிருந்தேன். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் பாதிக் கட்டடம் நின்றது. உள்ளே இவள் கதவை அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். வெளியே நின்ற ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. "வீட்டுல யாருமில்லையா, நான் பள்ளிக்கொடத்துக்குப் போவணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பூட்டைத் திறந்தபோது நெற்றி வீங்கியிருந்தது.

எல்லாரும் போன பிறகும் பௌதி போகவில்லை. ஐஸ் கொண்டுவந்து ஒற்றடம் கொடுத்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"காது மந்தம்னு சொன்னீங்க."

ஐஸ் கரைந்து வழிந்த தண்ணீரை நான் துடைத்தேன்.

"அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுகிட்டயும் காதுன்னே சொன்னீங்களா?"

"அதைவிட மோசமாச் சொன்னேன்."

"நீங்க படிச்ச மனுஷர், மேஷோமஷாய். எதிர்வீட்டுக் கிழவர் படிக்காதவர். அவர் சம்சாரம் ஒப்பாரி வச்சு உள்ளதைச் சொன்னா. இடம் கெடைச்சுது."

மறுநாள் இவளை பௌதியிடம் விட்டுவிட்டு அலிப்பூரில் இருந்த அந்த ஆய்வு அலுவலகத்துக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் பார்த்த வேலையையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மாஷிமா அவ்வளவு நீளமா பேசினாங்க. நீங்க ஒரே வார்த்தையில சொன்னீங்க. கிழமையைச் சொல்ல யாருக்காவது அவ்வளவு நேரம் ஆகுமா?"

"அப்ப ஏம்மா குறிக்கல?"

"குறிச்சா மறுபடி வரணும். தமிழ் தெரிஞ்ச ஆளைத் தேடணும். எங்க மேலதிகாரி, நீ முதல்லயே ஏன் தேடலன்னு கேப்பார்." அப்புறம், "உங்களை மாதிரி ஒருத்தர்தான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்தது கொஞ்ச நேரம்தான். பதிவான பதில்களைத் திருத்த வழியில்லை, ஆறு மாதத்தில் இரண்டாம் சுற்று வரும், அப்போது தமிழ் தெரிந்தவரை அனுப்புகிறேன் என்றாள். அன்றைக்கே மையத்துக்கு யார் தகுதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். சொன்னால் பதில்கள் கோணும், அதனால் சொல்லக்கூடாது என்றாள். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த அதே விதிதான்.

அந்த ஆறு மாதத்தில் அவள் நடை தளர்ந்தது. கரண்டி பிடிக்க மறந்தாள். என்னைச் சில நாள் அப்பா என்றாள், சில நாள் ஹெட்மாஸ்டர் என்றாள்.

இரண்டாம் சுற்றுக்கு நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். சனிக்கிழமைகளில் இந்த மாதிரி உதவிக்கு வருவாளாம். என்னைச் சமையலறையில் இருக்கச் சொன்னாள். இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"ஆன்ட்டி, இன்னிக்கு என்ன கிழமை?"

பதில் இல்லை.

"இது எந்த ஊரு?"

"அவரக் கேளு."

"அவரு உள்ள இருக்காரு. நீங்க சொல்லுங்க."

"அவருக்குத்தாம்மா எல்லாம் தெரியும்."

இலையும் சாவியும் படகும் மாதிரி வேறு மூன்று சொற்கள். ஒன்றும் திரும்ப வரவில்லை. நூறிலிருந்து ஏழும் போகவில்லை. நான் ஸ்டவ்வைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்ச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று கால் பரபரத்தது. பிறகு அந்தப் பெண், "உங்களை யாராவது திட்டுவாங்களா ஆன்ட்டி? அடிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"அவரா? சீ. ஒரு சொல்லு சொன்னதில்ல" என்றாள் என் மனைவி. அன்று கேட்ட அத்தனை கேள்விகளில் அவள் தயங்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

என் முறை வந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. கை ஓங்கியது உண்டா என்றபோது உண்டு, அடித்திருக்கிறேன், பூட்டியும் வைத்திருக்கிறேன் என்றேன். அந்தப் பெண்ணின் விரல் நின்றுவிட்டது.

"அங்கிள், ஆன்ட்டி இல்லைன்னாங்க."

"அவ அப்படித்தாம்மா சொல்லுவா."

"இதப் போடணுமா? இல்லைன்னே விட்றலாம் அங்கிள். யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் மனதில் கெடுதல் இல்லை. ஒரு கிழவனைக் காப்பாற்ற நினைத்தாள். போடும்மா என்றேன். போட்டாளா என்று எனக்குத் தெரியாது. திரையை என் பக்கம் திருப்பவில்லை, நானும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அலிப்பூரிலிருந்து அந்த வங்காளிப் பெண்ணே போன் செய்தாள். மதிப்பெண் மிகவும் இறங்கிவிட்டது என்றாள். மையம் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்காம். தானே சாப்பிட்டு, தானே நடந்து வேனில் ஏறக்கூடியவர்களை மட்டும் வைத்துக்கொள்ள முடியும். "போன தடவையே உண்மையா வந்திருந்தா எடுத்திருப்பாங்க" என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். முழுநேரமும் படுக்கையில் வைத்துப் பார்க்கிற இடங்களின் பட்டியல் ஒன்று அனுப்புவதாகச் சொன்னாள்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. அவர்களுடைய பதிவில் என் மனைவி ஒரு வருடத்துக்குள்ளேயே தெளிவான நிலையிலிருந்து அடிமட்டத்துக்கு விழுந்தவளாக இருப்பாள். யாரோ ஒருவர் இந்த எண்களை வைத்துக்கொண்டு, ஏன் இத்தனை வேகம் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளலாம். எங்களுடைய முதல் சுற்றை நீக்கிவிடுங்கள், அது முழுக்க நான் சொன்னது என்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. சம்பந்தப்பட்டவரே தன் பதிலைப் பொய் என்று சொல்லி எழுதினால் அதற்கு என்ன செய்வது என்று எங்கள் காலத்திலும் விதி கிடையாது.

அலிப்பூரிலிருந்து வந்த அந்தப் போனை வைத்தபோது இவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தாள்.

"போன்ல யாரு?"

"ஆஸ்பத்திரியிலேருந்து."

"என்ன கேக்காவ?"

"நீ எப்படி இருக்கேன்னு."

"நல்லா இருக்கேன்னு சொன்னேளா?"

"சொன்னேன்" என்றேன்.